பத்திலே ஒரு பங்கு!

பொருநை ஆறு கடலோடு கலக்கும் இடத்திலே இருக்கிறது புன்னைக்காயல். தூத்துக்குடிக்குத் தெற்கே, கொற்கைக்கும் பழைய காயலுக்கும் பக்கத்திலே. இன்று வலையும் வள்ளமுமாக வாழும் மீனவர் ஊர். ஒரு காலத்திலே அது முத்துக் கரை. அரபு நாட்டு வணிகரும் போர்த்துகல் நாட்டுக் கப்பல்காரரும் தேடித் தேடி வந்த கரை. இந்தக் கடலின் முத்து பாண்டியனின் மார்பிலே புரண்டது. ரோமாபுரிச் சீமாட்டிகளின் கழுத்திலே மின்னியது. லிஸ்பன் அரண்மனைக்கும் போய்ச் சேர்ந்தது. முத்தெடுத்தவன் மட்டும் ஈரத் துணியோடு கரையிலேயே நின்றான்!

எப்படி எடுத்தான் முத்தை? காலிலே கல், கையிலே கயிறு, சிப்பி போட ஒரு பை. எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழம். மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குவான். கிடைத்ததை அள்ளுவான். கயிற்றை அசைப்பான். மேலே இருப்பவன் இழுத்தால்தான் அவனுக்கு மறுபடியும் மூச்சு. ஒரு நாளிலே எத்தனை முறை! சுறா வந்தால் ஆள் இல்லை; கயிறு அறுந்தால் ஆள் இல்லை.

அப்படி எடுத்த முத்திலே யார் யாருக்குப் பங்கு? 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலே இந்தக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ அந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கிறார். மன்னனுக்குப் பத்திலே ஒரு பங்கு. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதியவருக்கு இருபதிலே ஒரு பங்கு! மூழ்கியவன் உயிரைப் பணயம் வைத்தான். ஓதியவர் உதட்டை அசைத்தார். இருவருக்கும் பங்கு உண்டு!

16-ஆம் நூற்றாண்டிலே போர்த்துகீசியர் வந்தனர். இந்தக் கரையின் மக்கள் ஆண்டுதோறும் 4,000 பொன் பணம் கட்டினர். எதற்கு? போர்த்துகல் அரசியின் காலணிச் செலவுக்கு! அந்தப் பணத்தை இங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர்களின் சம்பளத்துக்கு விடும்படி பிரான்சிஸ் சவேரியார் அரசிக்கு எழுதிக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. பிறகு டச்சுக்காரர், அதன்பின் ஆங்கிலேயர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இலங்கை மரிச்சுக்கட்டியிலே நடந்த சலாபத்துக்கு இந்தக் கரையிலிருந்தும் ஆட்கள் குளிக்கப் போனார்கள். எடுத்த சிப்பியை மூன்று குவியலாகக் குவிப்பார்கள். இரண்டு குவியல் வெள்ளைக்காரச் சர்க்காருக்கு. ஒன்றே ஒன்றுதான் குளித்தவனுக்கு!

நாம் கேட்கிறோம்: கடலை எந்த மன்னன் வெட்டினான்? சிப்பியை எந்தச் சீமான் விதைத்தான்? எவரும் உண்டாக்காத ஒன்றுக்கு ஒருவர் உரிமையாளரானது எப்படி? அவர் வாங்குகிற பங்கு நியாயம் என்றால், மற்றவருக்குரிய பங்கு எங்கே?

இந்தக் கேள்வியை, கடலை வைத்து அல்ல, நிலத்தை வைத்து, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை, கணக்கும் போட்டுக் கொடுத்தார். புன்னைக்காயலை அவர் கண்டதில்லை. ஆனால் புன்னைக்காயலிலே குளித்தவனின் வழக்கை அவரைப்போல வாதாடியவர் சிலரே. அவர் பெயர் தாமஸ் பெயின். பாட்டாளித் தோழர்கள் அவருடைய வரலாற்றை அறிந்துகொள்ள வேண்டும்.

1737-ஆம் ஆண்டு இங்கிலாந்திலே தெட்ஃபோர்டு என்ற சிற்றூரிலே பிறந்தார் பெயின். தந்தை தையல் தொழிலாளி. சீமாட்டிகள் இடையை இறுக்கிக் கட்டும் கச்சு தைத்துக் கொடுத்து வயிறு வளர்த்தவர். மகனைப் பள்ளிக்கு அனுப்பினார். பதின்மூன்று வயதளவிலே நிறுத்தினார். ஊசியும் நூலும் கைக்கு வந்தன. கல்லூரி வாசலை மிதிக்காத அந்தக் கைதான் பின்னாளிலே இரண்டு கண்டங்களின் அரியாசனங்களை ஆட்டிப் படைத்தது!

ஊசி பிடித்தார், ஒத்துவரவில்லை. கப்பலேறினார், நிலைக்கவில்லை. மணம் செய்தார், மறு ஆண்டே பிள்ளைப்பேற்றிலே மனைவி மாண்டார். கலால் துறையிலே சிறு உத்தியோகம் கிடைத்தது, போயிற்று, மறுபடியும் கிடைத்தது. ஆண்டுக்கு 50 பவுன் சம்பளம். குதிரைச் செலவும் அதற்குள்ளேதான். உடன் உழைத்தவர்கள் பட்ட அவதியைப் பார்த்தார். 1772-இலே அவர்கள் அனைவருக்கும் சம்பள உயர்வு கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதினார். வயிறு காய்ந்த உத்தியோகஸ்தனிடம் நேர்மையை எதிர்பார்ப்பது எப்படி என்பதுதான் அதன் சாரம். பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கொடுத்துப் பார்த்தார். பலன்? சம்பளம் உயரவில்லை, 1774-இலே, பணியிடத்தை விட்டுப் போனார் என்று காரணம் காட்டி வேலையை விட்டே நீக்கினார்கள். வைத்திருந்த புகையிலைக் கடையும் மூழ்கியது. வீட்டுச் சாமான் ஏலத்துக்குப் போயிற்று. இரண்டாவது மணமும் முறிந்தது.

முப்பத்தேழு வயது. கையிலே காசில்லை, ஊரிலே பேரில்லை. லண்டனிலே இருந்த பெஞ்சமின் பிராங்கிளினைச் சந்தித்தார். அவர் கொடுத்த அறிமுகக் கடிதத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். வழியிலே கடுங்காய்ச்சல். 1774 நவம்பர் இறுதியிலே பிலடெல்பியாத் துறைமுகத்திலே அவரைத் தூக்கித்தான் இறக்கினார்கள்.

தூக்கி இறக்கப்பட்ட அந்த நோயாளி, பதினான்கு மாதத்திலே ஒரு நாட்டையே தூக்கி நிறுத்தினார்! 1776 ஜனவரியிலே ‘பொது அறிவு’ என்ற சிறு நூல் வெளிவந்தது. பிரிட்டிஷ் மன்னனுக்குப் பணிந்து கிடப்பதா, தனி நாடாவதா என்று தலைவர்கள் தயங்கிக்கொண்டிருந்த நேரம். பெயின் தயங்கவில்லை. பரம்பரை அரசாட்சி என்பதே மடமை என்று பாமரனுக்கும் புரிகிற மொழியிலே எழுதினார். மதுக்கடையிலும் கொல்லன் பட்டறையிலும் ஒருவர் படிக்க நூறு பேர் கேட்டனர். நூல் மளமளவென விற்றது. அவருக்கு வரவேண்டிய பங்கை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. குளிரிலே நடுங்கும் போர் வீரர்களுக்குக் கையுறை வாங்கக் கொடுத்துவிட்டார். அதே ஆண்டு டிசம்பரிலே தோல்விமேல் தோல்வி கண்டு படை சோர்ந்திருந்தபோது, அவர் எழுதிய எழுச்சிக் கட்டுரை வீரர்களுக்குப் படித்துக் காட்டப்பட்டது.

அமெரிக்கா விடுதலை பெற்றது. நியூயார்க் மாநிலம் அவருக்கு ஒரு பண்ணையைப் பரிசாகத் தந்தது. வேறொருவராக இருந்தால் சாய்வு நாற்காலியிலே சாய்ந்திருப்பார். பெயின் மீண்டும் ஐரோப்பா சென்றார். பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. புரட்சியைப் பழித்தவர்களுக்குப் பதிலாக 1791-இலும் 1792-இலும் ‘மனித உரிமைகள்’ என்ற நூலை இரண்டு பாகமாக எழுதினார்.

அந்த இரண்டாம் பாகத்தைப் படித்தால் வியப்பாக இருக்கும். மன்னனும் பிரபுக்களும் தின்று தீர்க்கும் வரிப்பணத்தை எப்படிச் செலவிட வேண்டும் என்று வரவு செலவுத் திட்டமே போட்டிருக்கிறார். ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பதினான்கு வயது வரை ஆண்டுக்கு 4 பவுன். அந்தப் பிள்ளை படிக்க வேண்டும். ஐம்பது வயதைக் கடந்த ஏழைக்கு ஆண்டுக்கு 6 பவுன். அறுபதுக்கு மேல் 10 பவுன். 1792-ஆம் ஆண்டிலேயே இந்தத் திட்டம்! இதைத் தருமம் என்று சொல்லாதீர்கள், அவர்கள் வாழ்நாளெல்லாம் கட்டிய வரியின் வட்டி என்று விளக்கினார்.

இங்கிலாந்து அரசாங்கம் என்ன செய்தது? வழக்குப் போட்டது! அவர் பிரான்சுக்குப் போய்விட்டார். அவர் இல்லாமலே விசாரித்துக் குற்றவாளி என்றது. பிறந்த நாட்டுக்குத் திரும்ப முடியாதவரானார்.

பிரான்சிலே அவரை மக்கள் மன்றத்துக்கு உறுப்பினராக்கினார்கள். அவருக்குப் பிரெஞ்சு மொழி பேச வராது! ஆனால் மனசாட்சி பேசிற்று. பதினாறாம் லூயி மன்னனைக் கொல்ல வேண்டும் என்று மன்றம் ஆர்ப்பரித்தபோது, முடியாட்சியைக் கொல்லுங்கள், மனிதனைக் கொல்லாதீர்கள், அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுங்கள் என்று வாதாடினார். மன்னர்களுக்குப் பரம எதிரியான அவர் ஒரு மன்னனின் உயிருக்காகப் பேசினார். 1793 டிசம்பர் 28-ஆம் நாள் சிறைக்குள்ளே தள்ளினார்கள். பத்து மாதச் சிறை. கொலைக்களம் போக வேண்டியவர்களின் அறைக் கதவிலே சுண்ணாம்புக் கட்டியால் எண் எழுதுவார்களாம். அவர் அறைக் கதவு திறந்து கிடந்த நேரத்திலே உட்புறத்திலே எழுதிவிட்டார்கள், கதவை மூடியதும் எண் உள்ளே மறைந்தது, உயிர் தப்பியது. அவரே சொல்லியிருக்கிற செய்தி இது.

சிறையிலிருந்து நோயாளியாக வெளிவந்தார். 1795-96 குளிர்காலத்திலே ஒரு சிறு நூலை எழுதினார். எழுதியதை வெளியிடாமல் வைத்திருந்தார். அப்போது ரிச்சர்டு வாட்சன் என்ற இங்கிலாந்துப் பிஷப்பின் ஒரு பிரசங்கம் அச்சாகி வந்திருப்பதை அறிந்தார். பணக்காரரையும் ஏழையையும் படைத்த ஆண்டவனின் ஞானத்தையும் நன்மையையும் பற்றியது அந்தப் பிரசங்கம்! பெயினுக்குப் பொறுக்கவில்லை. ஆண்டவன் ஆணையும் பெண்ணையும் படைத்தான், பூமியை அவர்களுக்குப் பொதுச் சொத்தாகக் கொடுத்தான். பணக்காரரையும் ஏழையையும் படைத்தவர்கள் மனிதர்களே என்று பதில் சொல்லி, 1797-இலே அந்த நூலை வெளியிட்டார். ‘நிலநீதி’ என்பது அதன் பெயர்.

தலைவிதி, பூர்வ ஜென்மப் பலன் என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் நாம். அதே பேச்சு இங்கிலாந்திலே அங்கி அணிந்து வந்தது, அவ்வளவுதான் வேறுபாடு.

அந்த நூலின் வாதம் எளிது. இயற்கை நிலையிலே பூமி எல்லோருக்கும் பொது. ஒருவன் காட்டைத் திருத்துகிறான், உழுகிறான், விளைவிக்கிறான். அவன் உழைப்பால் கூடிய மதிப்பு அவனுக்கே சொந்தம். ஆனால் அடியிலே கிடக்கும் மண்? அதை அவன் உண்டாக்கவில்லை. வேலி போட்ட அன்று மற்றவரெல்லாம் வெளியே தள்ளப்பட்டார்கள். ஆகவே நிலம் வைத்திருப்பவன் சமுதாயத்துக்குத் தரை வாடகை கடன்பட்டிருக்கிறான். நிலத்தைப் பிடுங்க வேண்டாம், வாடகையைக் கொடு!

எப்படி வசூலிப்பது? சொத்துடையவர் இறந்து, சொத்து வாரிசுக்குக் கைமாறும்போது பத்திலே ஒரு பங்கைப் பொது நிதிக்கு எடு. வாங்குகிறவனுக்கு வலிக்காது, அவன் உழைத்துச் சேர்த்ததல்ல அது. அந்த நிதியிலிருந்து இருபத்தொரு வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் 15 பவுன் கொடு, வாழ்க்கையைத் தொடங்க. ஐம்பது வயதான ஒவ்வொருவருக்கும் ஆயுள் உள்ளவரை ஆண்டுக்கு 10 பவுன் கொடு. அந்தக் காலத்துப் பண்ணைக் கூலியின் அரையாண்டுக் கூலிக்கும் மேலானது 15 பவுன்!

தோழர்கள் கணக்கைக் கவனிக்க வேண்டும். பாண்டியன் காலத்திலே கடலிலே மூழ்கியவனிடமிருந்து பத்திலே ஒரு பங்கு அரண்மனைக்குப் போயிற்று. பெயின் அதே பத்திலே ஒன்றை எடுத்துத் தலைகீழாகப் புரட்டினார். மாளிகையிலிருந்து பத்திலே ஒரு பங்கு மக்களுக்கு வரவேண்டும் என்றார்!

இன்னொன்றும் சொன்னார். நிலம் மட்டுமா? தொழிலிலே குவிந்த பணமும் பல வேளைகளிலே உழைத்தவனுக்குக் குறைத்துக் கொடுத்ததால் குவிந்ததே. முதலாளி செழிக்கிறான், உழைத்த கரம் முதுமையிலே பட்டினி கிடக்கிறது என்று சுட்டிக் காட்டினார். சங்கம் வைத்துக் கூலிக்குப் போராடும் தோழன் இதைத் தன் பாட்டனின் சொல்லாகவே கொள்ளலாம்.

பணக்காரனுக்கும் கொடுப்பதா என்று அன்றே கேட்டார்கள். ஆம், எல்லோருக்கும் என்றார் பெயின். பிரித்துப் பார்த்தால் வாங்குகிறவன் இழிந்தவனாகிறான். இது பிறப்புரிமை, பிறப்பிலே பணக்காரன் ஏழை என்று இரண்டு வகை இல்லை. வேண்டாதவன் தன் பங்கைப் பொது நிதியிலேயே போட்டுவிடட்டும்! அதே ஆண்டிலே தாமஸ் ஸ்பென்ஸ் என்ற ஏழைப் பள்ளி ஆசிரியர், பத்திலே ஒன்று போதாது, நில வாடகை முழுவதிலும் மிஞ்சுவதை ஆண், பெண், குழந்தை அனைவருக்கும் சமமாகப் பங்கிட வேண்டும் என்று பெயினையே எதிர்த்து எழுதினார். இன்று அறிஞர்கள் அனைவருக்குமான அடிப்படை வருமானம் என்று பேசுகிறார்களே, அதன் வேர் இந்த இரண்டு தாமஸ்களின் ஏடுகளிலே இருக்கிறது.

1802-இலே பெயின் அமெரிக்கா திரும்பினார். வரவேற்பு? வசைமாரி! மதப் புரட்டுகளைத் தாக்கி அவர் எழுதிய ‘பகுத்தறிவுக் காலம்’ என்ற நூலுக்காக மேடைதோறும் தூற்றினார்கள். 1806-இலே, அவர் குடிமகனே அல்ல என்று சொல்லி வாக்குச் சாவடியிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். அந்தக் குடியரசை எழுதி உண்டாக்கியவருக்கு ஓட்டு இல்லை! 1809 ஜூன் 8-ஆம் நாள் நியூயார்க்கிலே கண்ணை மூடினார். தந்தையின் சமயத்தவரான குவேக்கர்கள் இடுகாட்டிலே இடம் தர மறுத்தனர். பண்ணையிலே புதைத்தார்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே கூடினர். 1819-இலே வில்லியம் காபெட் என்ற இதழாசிரியர் எலும்புகளைத் தோண்டி இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார், நினைவாலயம் எழுப்ப. எழும்பவில்லை, எலும்புகளும் தொலைந்து போயின.

ஆள் மறைந்தார், கணக்கு மறையவில்லை. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்திலே மண்ணுக்கடியிலே எண்ணெய் கிடைத்தது. அதன் வருவாயிலே ஒரு பகுதியை நிதியாக்கி, 1982 முதல் ஆண்டுதோறும் அங்கு வாழ்பவர் ஒவ்வொருவருக்கும், குழந்தைக்கும் சேர்த்து, பங்கு கொடுத்து வருகிறார்கள். அதை வாங்க எவரும் வறுமைச் சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை.

நம் நாட்டிலே? மத்தியப் பிரதேச கிராமங்களிலே 2011-12-இலே சேவா என்ற உழைக்கும் மகளிர் சங்கம் சோதனை நடத்தியது. பெரியவருக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100 ரூபாய். பிறகு 300, 150. நிபந்தனை ஏதும் இல்லை. சும்மா கொடுத்தால் சோம்பேறியாவான் என்று சாய்வு நாற்காலியிலே சாய்ந்தபடி சொல்பவர்கள் அந்த முடிவைப் பார்க்கட்டும். வேலை குறையவில்லை. விதை வாங்கினார்கள், ஆடு வாங்கினார்கள், கூலிக்குப் போனவர்களிலே பலர் சொந்தத் தொழிலைக் கூட்டிக்கொண்டார்கள். குழந்தைகளின் உடல் தேறியது. பள்ளிக்குப் போவது கூடியது. 2016-17-ஆம் ஆண்டு மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை இந்தத் திட்டத்துக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கிற்று. அதோடு சரி!

தமிழகம் இந்தப் பாதையிலே பாதி தூரம் நடந்த மாநிலம். 1997-இலே மத்திய அரசு ரேஷனை ஏழைக்கு ஒன்று மற்றவருக்கு ஒன்று என்று பிரித்தபோது, தமிழகம் பிரிக்க மறுத்து அனைவருக்கும் அரிசி என்ற முறையைக் காத்தது. பயன் என்ன? அட்டை வாங்க எவரும் ஏழை என்று நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை; எல்லோருக்கும் உரிய கடையாதலால் கடை ஒழுங்காக நடந்தது. 2023 செப்டம்பர் 15-இலே காஞ்சிபுரத்திலே தொடங்கிய திட்டத்தின்படி ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றபோது, அதற்கு உதவித்தொகை என்று பெயரிடவில்லை. உரிமைத்தொகை என்று பெயரிட்டார்கள். வீட்டிலே ஊதியமில்லாமல் உழைப்பவளின் உரிமை. பெயின் கேட்டிருந்தால் பெயரைப் பாராட்டியிருப்பார்.

ஆனால் அடுத்த கேள்வியையும் கேட்டிருப்பார். உரிமை என்றால் ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் என்ற கோடு எதற்கு? நிலம் எத்தனை ஏக்கர், மின்சாரம் எத்தனை யூனிட் என்ற கணக்கு எதற்கு? கோடு கிழித்தால் கோட்டுக்கு அப்பால் ஒருத்தி நிற்பாள். மனு எழுதுவாள்; அலுவலகம் ஏறி இறங்குவாள்; பக்கத்து வீட்டுக்காரிக்கு வந்தது தனக்கு ஏன் வரவில்லை என்று ஏங்குவாள். பணமில்லாததால் போட்ட கோடு என்பார்கள். இருக்கட்டும். ஆனால் கோடு தற்காலிகம், உரிமையே நிரந்தரம் என்பதை நாம் மறக்கலாகாது.

பணம் எங்கே என்று கேட்பவர்களுக்குப் பெயின் வழியிலே பதில் சொல்வோம். இந்த நாட்டிலே 1953-இலே மரணச் சொத்து வரி வந்தது. பெயின் கேட்ட அதே வரி! 1985-இலே அதை எடுத்தார்கள். செல்வ வரியையும் 2015-இலே ஒழித்தார்கள். கோடிகள் தந்தையிடமிருந்து மகனுக்கு அப்படியே போகின்றன. ஏழை வாங்கும் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி விழுகிறது. மண்ணும் கடலும் தரும் செல்வத்தைப் பாருங்கள். தூத்துக்குடிக் கரையின் தாது மணலை எத்தனை காலம் தனியார் அள்ளினார்கள்! 2013-இலே தமிழக அரசு தடை போட வேண்டியதாயிற்று. அந்த மணலை எந்த ஆலையும் உற்பத்தி செய்யவில்லை. அலை கொண்டு வந்து குவித்தது. அதிலே கரையில் வாழ்பவனுக்குப் பங்கு உண்டா, இல்லையா?

16-ஆம் நூற்றாண்டிலே புன்னைக்காயலிலே தங்கி, தமிழ் கற்று, தமிழை அச்சிலேற்றப் பாடுபட்ட அண்டிரிக் அடிகளார் அங்கே ஏழை நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனையும் அமைத்தார். நல்ல உள்ளம், நாம் வணங்குகிறோம். ஆனால் நல்ல உள்ளம் உடையவர் வரும்வரை நோயாளி காத்திருக்க முடியுமா? அவர் போனபின் யாரைக் கேட்பது? தருமம் கொடுப்பவரோடு வரும், கொடுப்பவரோடு போகும். சட்டமான உரிமைதான் நிற்கும்.

1961-க்குப் பிறகு தூத்துக்குடிக் கடலிலே சலாபம் நடக்கவில்லை. பார்கள் வெறுமையாயின. வாரி எடுத்தவர்கள் போய்விட்டார்கள். மூழ்கியவனின் பேரன் இருக்கிறான். மீன்பிடித் தடைக்காலத்திலே வரும் நிவாரணத்தையும், வீட்டுக்கு வரும் அரிசியையும் இலவசம் என்று ஏளனம் செய்பவர்கள் அவனிடம்தான் வருகிறார்கள். அரசிக்குக் காலணி வாங்கிக் கொடுத்த கரை அது! அவனுக்கு வருவது இலவசம் என்றால், தலைமுறை தலைமுறையாக அவன் பாட்டன்மார் கொடுத்ததற்கு என்ன பெயர்?

தோழர்களே! கிளைக் கழகத்திலும், சங்கக் கூட்டத்திலும், தேநீர்க் கடையிலும் இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். அந்தச் சொல்லை எவர் சொன்னாலும், பெயரைத் திருத்தச் சொல்லுங்கள். தருமம் அல்ல, தயவு அல்ல. பத்திலே ஒரு பங்கு! அதுவும் பழைய பாக்கி!